ரேடியோவுக்கும் தூர்தர்ஷனுக்கும் படியளப்பது யார்? காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர்க் கோயில் கணக்கு வாசிக்கிற நாளில் பேச்சு எங்கே தொடங்கி எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. போன தடவை வரவு செலவு வாசித்து, இருப்பு ஒத்துப்போய், பந்திக்கு இலை போடும்வரை ஒரு அரை மணி நேரம் கிடைத்தது. அப்போது ஓர் அண்ணன் கேட்டார்: "இந்த கவர்மெண்டு ரேடியோவை இன்னமும் யாருப்பா கேக்குறா? அதுக்கு எதுக்கு நம்ம வரிக்காசு?"

நான் முப்பது வருஷம் கணக்கு எழுதிப் பிழைத்தவன், அதிலும் ரேடியோவைப் பாட விட்டுவிட்டு எழுதியவன். அதனால் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அதற்கப்புறம் போனிலும், கல்யாண வீட்டிலும், சிங்கப்பூரிலிருந்து வந்த பிள்ளைகளும் இதையே விதவிதமாகக் கேட்டார்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

பிரசார் பாரதி என்பது அரசாங்கமா, கம்பெனியா?

இரண்டுக்கும் நடுவில். நாடாளுமன்றம் 1990இல் போட்ட சட்டத்தின்படி அமைந்த ஒரு கழகம். சட்டம் போட்டு ஏழு வருஷம் கிடப்பில் கிடந்து, 1997 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த நவம்பர் 23ஆம் தேதி கழகம் பிறந்தது. அதுவரை தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கீழ் நேரடி இலாகாக்களாக இருந்த அகில இந்திய வானொலியும் தூர்தர்ஷனும் அதன் கைக்கு வந்தன. நமக்குத் தெரிந்த திருச்சி வானொலி, மதுரை வானொலி, கோடைப் பண்பலை, முன்பு பொதிகை என்றிருந்து 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று பெயர் மாறிய சேனல், எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

கூட்டுக் குடும்பத்திலிருந்து பிள்ளையைத் தனிக்குடித்தனம் வைத்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு தனி, ஆனால் அரிசி இன்னமும் பெரிய வீட்டிலிருந்துதான் வருகிறது.

வருஷத்துக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள்?

2023-24 மத்திய பட்ஜெட்டில் பிரசார் பாரதிக்கு ஒதுக்கியது 2,800 கோடி ரூபாய்க்குச் சற்று மேல். கேட்டவுடன் மலைப்பாக இருக்கும். நாட்டு மக்கள் தொகை சுமார் 140 கோடி. வகுத்துப் பாருங்கள்: தலைக்கு 20 ரூபாய், அதுவும் ஒரு வருஷத்துக்கு. காரைக்குடி பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீயும் ஒரு வடையும் சாப்பிட்டால் தீர்ந்துவிடும் காசு.

இது தவிர, கருவிகளைப் புதுப்பிக்க ஒரு தனித் திட்டம். 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை அதற்கு 2,539.61 கோடி ஒதுக்கியது. 2025-26 வரைக்குமான மொத்தத் தொகை அது. பண்பலை அப்போது எட்டிய மக்கள் தொகை 68 சதவீதம். அதை 80 சதவீதத்துக்குக் கொண்டுபோவது அந்தத் திட்டத்தின் இலக்குகளில் ஒன்று.

கணக்குக்காரன் பார்வையில் ஒன்று சொல்கிறேன். தொகை பெரிதா சிறிதா என்று தலையை உடைத்துக்கொள்கிறவர்கள் வவுச்சரைப் பார்க்காமல் மொத்தத்தை மட்டும் பார்க்கிறவர்கள். அது என்ன தலைப்பில் வருகிறது, எந்த நிபந்தனையோடு வருகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

சரி, அந்தப் பணம் எதற்குச் செலவாகிறது?

பெரும்பகுதி சம்பளம். இதற்கு ஒரு பூர்வ கதை உண்டு. இலாகா கழகமாக மாறியபோது ஊழியர்கள் அரசு ஊழியர்களாகவே வந்து சேர்ந்தார்கள். அவர்கள் இனி யார் ஆள் என்ற வழக்கு பல வருஷம் இழுத்தது. கடைசியில், 2007 அக்டோபர் 5ஆம் தேதி வரை பணியில் இருந்தவர்கள் எல்லோரும் அரசாங்கத்திலிருந்து அயல்பணியில் வந்தவர்களாகக் கருதப்படுவார்கள், அவர்கள் சம்பளத்தை அரசாங்கமே கொடுக்கும் என்று 2012இல் முடிவானது. அதற்குப் பின் சேர்ந்தவர்கள் கழகத்து ஆட்கள்.

ஆக, பேரேட்டில் வரவு பெரிதாகத் தெரியும். சம்பளம் போக நிகழ்ச்சி தயாரிக்க என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தால் கையைப் பிசைய வேண்டியிருக்கும். அதற்குக் கழகம் சொந்த வருமானத்தைத் தேட வேண்டும்: விளம்பரம், தூர்தர்ஷனின் மாதக் கட்டணம் இல்லாத டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷில் தனியார் சேனல்களுக்கு ஏலம் விடும் இடம், தனியார் பண்பலைகளுக்குக் கோபுரத்தை வாடகைக்கு விடுவது, இப்படி. விளம்பரத்திலும் கணிசமானது அரசு இலாகாக்களின் விளம்பரம். இடது கை கொடுப்பதை வலது கை வாங்கி, வருமானம் என்று எழுதிக்கொள்கிற கணக்கு.

இதனால்தான் வருஷா வருஷம் பணம் போகிறது, நிகழ்ச்சி மட்டும் இளைத்துக்கொண்டே போகிறது என்று கேட்கிறவர்களுக்குத் தோன்றுகிறது. ஒரு பெரிய வளவு வீட்டில் சமையல் ஆள், காவல் ஆள், தோட்டக்காரன் எல்லோருக்கும் படி அளந்துவிட்டு, உலையில் போட அரிசி இல்லை என்றால் எப்படி?

முன்னாடி ரேடியோவுக்கு லைசென்ஸ் கட்டினோமே, அது என்ன ஆச்சு?

எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் ஒரு தகரப் பெட்டி. அதில் அப்பச்சியின் ரேடியோ லைசென்ஸ் புத்தகம் இன்னும் இருக்கிறது. உள்ளங்கை அளவு, அட்டை கரையான் அரித்து ஓரம் போயிருக்கிறது. உள்ளே வருஷத்துக்கு ஒரு வில்லை, ஒவ்வொன்றின் மேலும் தபாலாபீசின் வட்ட முத்திரை. ஒரு பக்கத்தில் மட்டும் முத்திரை இரண்டு தடவை விழுந்திருக்கிறது. அந்த வருஷம் கெடு தாண்டிப் போய்க் கட்டியதாக ஆத்தா சொல்வார்கள். கட்டணம் 15 ரூபாய். டிவி வந்தபோது அதற்கு 50 ரூபாய்.

ரேடியோ வாங்கினால் தபாலாபீசில் போய் லைசென்ஸ் எடுக்க வேண்டும். எடுக்காமல் வைத்திருப்பது குற்றம். மாடி மேல் ஏரியல் கம்பி கட்டியிருந்தால் தெருவில் போகிறவனுக்கே காட்டிக் கொடுத்துவிடும். "ஆள் வர்றாங்க" என்று சொன்னால் செட்டின் மேல் பாயைப் போட்டு மூடிய வீடுகள் எங்கள் தெருவிலேயே இருந்தன. யார் வீடு என்று சொல்ல மாட்டேன், அவர்கள் பேரப்பிள்ளைகள் இதைப் படிப்பார்கள்.

இந்த முறைக்கு வயது அதிகம். 1927இல் பம்பாயில் தனியார் கம்பெனி ஒன்று ஒலிபரப்பைத் தொடங்கியபோதே வருஷத்துக்கு 10 ரூபாய் லைசென்ஸ். அதில் 80 சதவீதம் கம்பெனிக்கு. ஆனால் நாடு முழுவதும் லைசென்ஸ் எடுத்தவர்கள் எட்டாயிரத்தைத் தொடவில்லை. 1930இல் கம்பெனி திவால், அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1936இல் அதற்கு அகில இந்திய வானொலி என்று பெயர் வைத்தார்கள். நம் பக்கத்துக் கதையும் அதே மாதிரிதான். சென்னையில் 1924இல் ஆர்வலர்கள் சேர்ந்து ஒரு ரேடியோ கிளப் நடத்தினார்கள், மூன்றே வருஷத்தில் காசில்லாமல் மூடினார்கள். கருவி மாநகராட்சி கைக்குப் போய், 1930இலிருந்து மாநகராட்சியே ஒலிபரப்பியது. 1938இல் சென்னை நிலையமும், 1939இல் திருச்சி நிலையமும் அகில இந்திய வானொலியாக வந்தன.

அப்புறம் டிரான்சிஸ்டர் வந்தது. ரேடியோ சட்டைப் பைக்குள் போய்விட்டது. யாரிடம் செட் இருக்கிறது என்று தேடிப் பிடிக்கிற செலவு, வசூலை விழுங்கத் தொடங்கியது. 1980களில் லைசென்ஸை ஒழித்துவிட்டார்கள். அப்பச்சி சந்தோஷப்பட்டார்கள். நானும்தான். 15 ரூபாய் மிச்சம் என்று பார்த்தோமே தவிர, அதோடு போன ஒன்றை யாரும் கவனிக்கவில்லை. அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

லைசென்ஸ் கட்டினால் என்ன, வரியிலிருந்து கொடுத்தால் என்ன? எல்லாம் நம் காசுதானே?

நம் காசுதான். ஆனால் நம் காசு என்று தெரிகிற விதம் வேறு.

நகரத்தார் வீடுகளில் புள்ளி வரி என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணமாகிய ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. கோயிலுக்குப் புள்ளிக்கு இவ்வளவு என்று வரி. கோடீஸ்வரனும் ஒரு புள்ளி, கடையில் கணக்கு எழுதுகிறவனும் ஒரு புள்ளி. பையனுக்குக் கல்யாணம் ஆனால் புதுப் புள்ளி பதிவாகும். தொகை பெரிதில்லை. ஆனால் கணக்கு வாசிக்கிற நாளில் எந்தப் புள்ளியும் எழுந்து, "விளக்கெண்ணெய்க்கு இவ்வளவா?" என்று கேட்கலாம். கேட்கிறார்கள், நான் பட்டிருக்கிறேன்.

இதற்கு எதிர்ப்புறம் கட்டளை. ஒரு பெரிய வீடு ஒரு திருவிழாவை முழுதாக ஏற்றுக்கொள்கிறது. எல்லாம் விமரிசையாக நடக்கும். ஆனால் அன்றைக்கு நாகஸ்வரம் யார், முதல் மரியாதை யாருக்கு என்பதில் அந்த வீட்டுக்காரர் வாய் திறக்காமலே அவர் விருப்பம் நடந்துவிடும். யாரும் மிரட்ட வேண்டியதில்லை. அடுத்த வருஷமும் அவர்தானே கொடுக்க வேண்டும் என்ற நினைப்பு ஒன்றே போதும்.

மூன்றாவது மகமை: வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்து வைப்பது. வியாபாரம் நன்றாக இருந்தால் கோயிலுக்கு வரும், படுத்தால் கோயிலும் படுக்கும்.

லைசென்ஸ் என்பது புள்ளி வரி. பட்ஜெட் மானியம் என்பது கட்டளை. விளம்பரம் என்பது மகமை. லைசென்ஸ் ஒழிந்த அன்று நாம் 15 ரூபாய் மிச்சம் பிடித்தோம், புள்ளிக் கணக்கிலிருந்து பேரையும் எடுத்துவிட்டோம். இன்றைக்கு அதே குடும்பம் தலைக்கு 20 ரூபாய் வீதம் ஐந்து பேருக்கு 100 ரூபாய் கொடுக்கிறது. ஆனால் கொடுக்கிறோம் என்பதே தெரியாது. அதனால் எழுந்து கேட்கவும் தோன்றாது.

அதற்காக லைசென்ஸைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. குடிசைக்கும் பங்களாவுக்கும் ஒரே கட்டணம் என்பது நியாயமில்லை. புள்ளி வரியில் கூட அந்த மனத்தாங்கல் உண்டு. வீடு வீடாகப் போய் வசூலிப்பதும் நடக்காத காரியம்.

விளம்பரம் வாங்கிப் பிழைத்துக்கொள்ள வேண்டியதுதானே?

இதற்கு இலங்கை வானொலியைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டும். செட்டிநாட்டு ஆட்களுக்கு அது பக்கத்து வீடு மாதிரி. தெளிவாக விழும். 1950களின் தொடக்கத்தில் தில்லியில் அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று வானொலியில் அதைக் குறைத்தார். நேயர்கள் பேசாமல் முள்ளைத் திருப்பி இலங்கைக்குப் போய்விட்டார்கள். பின்னாலேயே இந்திய சோப்பு, தைல விளம்பரங்களும் கப்பலேறாமல் கடல் கடந்தன. நம்மவர்களுக்கு விஷயம் உறைத்து, 1957இல் விவித்பாரதி என்ற பொழுதுபோக்கு ஒலிபரப்பைத் தொடங்கினார்கள். அதில் விளம்பரம் எடுக்க இன்னும் பத்து வருஷம் ஆனது, 1967.

ஆக, விளம்பரம் நல்லதும் செய்யும். கேட்கிறவனை மறந்துவிடாதே என்று காதைத் திருகும். ஆனால் விளம்பரக்காரர் காசு இருக்கும் இடத்துக்குத்தான் வருவார். மானாமதுரைப் பக்கத்துக் கரிசல்காட்டு விவசாயிக்கு மழை அளவு சொல்கிற நிகழ்ச்சிக்கு எந்த நகைக் கடை விளம்பரம் கொடுக்கும்?

இத்தனை தனியார் சேனல் இருக்கும்போது இது எதற்கு?

இரண்டு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, 1960களில் தஞ்சாவூர் பக்கம் ஆடுதுறை 27 என்ற புதுக் குறுகிய கால நெல் வந்தது. எப்போது நாற்று விட வேண்டும், எவ்வளவு உரம் என்பதெல்லாம் திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சி வழியாகத்தான் விவசாயிகளுக்குப் போனது. அவர்கள் அதற்கு வைத்த பெயர் ரேடியோ நெல். விதைக் கடைக்குப் போய் "ரேடியோ நெல் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார்கள். இதைவிடப் பெரிய நேயர் கணக்கெடுப்பு வேண்டுமா?

இன்னொன்று 2018 நவம்பர், கஜா புயல். புதுக்கோட்டைப் பக்கம் என் தங்கை வீட்டில் பல நாள் கரண்டு இல்லை. செல்போன் முதல் நாளே செத்துவிட்டது. கேபிள், டிஷ் எல்லாம் மரத்தோடு சேர்ந்து கீழே. மாமியார் விறகு அடுக்கி வைக்கிற பரணிலிருந்து ஒரு பழைய டிரான்சிஸ்டரை எடுத்து, சுவர்க் கடிகாரத்திலிருந்த பாட்டரியோடு இன்னொன்றைத் தேடிப் போட்டிருக்கிறார்கள். கரகரவென்று திருச்சி கேட்டிருக்கிறது. தெருவே வந்து திண்ணையில் உட்கார்ந்து செய்தி கேட்டதாம். தங்கை இன்னமும் கடிகாரத்துக்கு இரண்டு பாட்டரி சேர்த்துத்தான் வாங்குகிறாள்.

தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதி கிடையாது. அகில இந்திய வானொலிச் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். 2024 ஆகஸ்டில் 234 புதிய நகரங்களில் 730 தனியார் பண்பலைகளை ஏலம் விட அமைச்சரவை ஒப்புக்கொண்டது. அந்தப் பட்டியலில் நம் காரைக்குடிக்கு மூன்று. புதுக்கோட்டைக்கும் மூன்று. வரட்டும், நல்லதுதான். பாட்டும் அரட்டையும் கிடைக்கும். புயல் செய்திக்கு அப்போதும் திருச்சிதான்.

காசு கொடுக்கிறவர் சொல்கிறபடிதானே ஆட வேண்டும்?

இதுதான் அசல் கேள்வி. மற்றதெல்லாம் இதன் கிளை.

அவசர நிலைக் காலத்தில், 1975 முதல் 1977 வரை, வானொலி முழுக்க ஆளும் தரப்பின் ஊதுகுழலாக இருந்தது. பிறகு வந்த ஜனதா அரசு, பி.ஜி. வர்கீஸ் தலைமையில் ஒரு குழு போட்டது. அவர்கள் ஆகாஷ் பாரதி என்று ஒரு சுதந்திர அமைப்பைப் பரிந்துரைத்தார்கள். ஆட்சி கவிழ்ந்ததோடு அதுவும் போயிற்று. வி.பி. சிங் காலத்தில் 1990 சட்டம் வந்தது. 1995இல் உச்ச நீதிமன்றம், வான் அலை என்பது பொதுச் சொத்து, அரசாங்கத்தின் ஏகபோகம் கிடையாது என்று தீர்ப்புச் சொன்னது.

சட்டத்தைப் படித்தால் நன்றாகத்தான் இருக்கிறது. தலைவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் குடியரசுத் துணைத் தலைவர், பத்திரிகைக் கவுன்சில் தலைவர், குடியரசுத் தலைவரின் நியமனர் ஒருவர். ஆனால் 17ஆவது பிரிவு: நாடாளுமன்றம் ஒதுக்கியதும் மத்திய அரசு தேவை என்று கருதுகிற தொகையைக் கொடுக்கலாம். "கொடுக்கலாம்", "கருதுகிற". கடன் பத்திரத்தில் இப்படி எழுதிக்கொண்டு வந்தால் எங்கள் அப்பச்சி வாசல்படி ஏற விட்டிருக்க மாட்டார்கள். 23ஆவது பிரிவு, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக அரசு உத்தரவு போடலாம் என்கிறது. கண்காணிக்க ஒரு நாடாளுமன்றக் குழு, புகார் கேட்க ஒரு ஒலிபரப்புக் கவுன்சில் என்று சட்டத்திலே இருப்பவை ஏட்டுச் சுரைக்காயாகவே கிடக்கின்றன.

எந்தக் கட்சி ஆண்டாலும் எதிர்க்கட்சி வரிசையில் உட்காரும்போதுதான் பிரசார் பாரதியின் சுதந்திரம் ஞாபகம் வருகிறது. 2024 ஏப்ரலில் டிடி நியூஸ் சின்னம் சிவப்பிலிருந்து காவிக்கு மாறியபோது எழுந்த சத்தம் நினைவிருக்கும். நிறத்தைப் பற்றி ஆளுக்கு ஒரு கருத்து இருக்கலாம். தேர்தல் நடக்கிற நேரத்தில் மாற்றுவதா வேண்டாமா என்று யாரிடம் கேட்க வேண்டும் என்பதற்கு ஒரு இடம் இல்லை பாருங்கள், எனக்கு அதுதான் உறுத்தல்.

மக்கள் கேட்டால் நடக்காது என்றும் சொல்ல முடியாது. கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் முன்னின்ற தமிழிசை இயக்கம் 1940களில் சபாக்களோடு நிற்கவில்லை. வானொலியிலும் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் கொடு என்று கேட்டது. 1943இல் தமிழிசைச் சங்கம் வந்தது. கேட்டவர்கள் வெள்ளைக்கார அரசாங்கத்தின் ரேடியோவிடம் கேட்டார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

அப்படியானால் வசதியானவர்கள் நன்கொடை கொடுத்து நடத்தக் கூடாதா? அழகப்பர் கொடுக்கவில்லையா?

அழகப்பச் செட்டியார் நம் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். ஆனால் கவனியுங்கள், அன்றிலிருந்து அதை நடத்துவது அரசாங்க நிதி. நன்கொடை கட்டடம் கட்டும், மாதா மாதம் சம்பளம் போடாது. அதோடு, இந்தக் காலத்தில் ஒரு பணக்காரர் செய்தி நிலையத்துக்குப் பணம் கொடுத்தால் அழகப்பர் மாதிரி கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பாரா என்பதை உங்கள் யூகத்துக்கு விடுகிறேன்.

மலேசியா, சிங்கப்பூர், லண்டனில் எப்படி?

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சொந்தம் இல்லாத வீடு இங்கே குறைவு என்பதால் இந்தக் கேள்வி நிச்சயம் வரும். மலேசியாவில் மின்னல் பண்பலையை நடத்துவது அரசாங்க ஒலிபரப்பு இலாகா. சிங்கப்பூரில் முன்பு வீட்டுக்கு வருஷம் 110 வெள்ளி லைசென்ஸ். 2011இல் ஒழித்துவிட்டு அரசு நிதியிலிருந்து கொடுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் ஏபிசி என்ற பொது ஒலிபரப்புக்கு அரசு நிதிதான், ஆனால் முன்பு மூன்று வருஷத்துக்கும், 2023இலிருந்து ஐந்து வருஷத்துக்கும் சேர்த்து முடிவு செய்யும் வழக்கம் அங்கே உண்டு. லண்டனில் இன்னமும் புள்ளி வரிதான்: டிவி பார்க்கும் வீடு வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டுகிறது, 2025 ஏப்ரலில் அது 174.50 பவுண்டு ஆனது. கட்டுகிறவன் பிபிசியைத் திட்டுகிற திட்டைக் கேட்டால் நம் கோயில் கணக்கு நாள் எவ்வளவோ தேவலை.

அமெரிக்காதான் பாடம். அங்கே பொது வானொலிக்கும் டிவிக்கும் அரசு பணத்தைப் பிரித்துக் கொடுக்க ஒரு கழகம் இருந்தது. பணத்தை முன்கூட்டியே இரண்டு வருஷத்துக்கு ஒதுக்கிவிடுவார்கள், இடையில் யாரும் கை வைக்க முடியாது என்று நம்பினார்கள். 2025 ஜூலையில் அந்த நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ், ஏற்கெனவே ஒதுக்கிய 110 கோடி டாலரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அடுத்த மாதமே கழகம் கடையைக் கட்டுவதாக அறிவித்தது. பெரிய ஊர் நிலையங்கள் நேயர் நன்கொடையில் தாக்குப்பிடிக்கும். அடி வாங்குவது நம் தேவகோட்டை, திருப்பத்தூர் மாதிரி சின்ன ஊர் நிலையங்கள்தான்.

டிடி ஃப்ரீ டிஷ் முழுக்க இலவசமா?

மாதக் கட்டணம் இல்லை. பெட்டியும் குடையும் ஒரு தடவை வாங்க வேண்டும். 2004இலிருந்து இருக்கிறது. வடக்கே கோடிக்கணக்கான வீடுகளில் அதுதான். இங்கே எடுபடாததற்குக் காரணம், நம் ஜனங்கள் பார்க்கும் தமிழ்த் தனியார் சேனல்கள் அதில் கிடைப்பது அரிது. போதாக்குறைக்கு 2011இலிருந்து அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்துவிட்டது. முன்பு சொன்ன புதுப்பிப்புத் திட்டத்தில் எட்டு லட்சம் பெட்டி இலவசமாகக் கொடுப்பதாகச் சொன்னார்கள். அது எல்லைப்புறம், மலைவாழ் மக்கள் பகுதி, முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று பட்டியலில் உள்ள இடங்களுக்கு. பக்கத்து ராமநாதபுரமும் விருதுநகரும் அப்படிப்பட்ட மாவட்டங்கள், காரைக்குடி இருக்கும் சிவகங்கை இல்லை. அதனால் என்னிடம் பெட்டி கேட்டு யாரும் போன் பண்ண வேண்டாம்.

நீங்கள் என்னதான் செய்யச் சொல்கிறீர்கள்?

நான் சொல்லி யார் கேட்கப் போகிறார்கள். ஆனாலும் கேட்டதற்குச் சொல்கிறேன்: வரியிலிருந்தே கொடுக்கட்டும். வருஷா வருஷம் கை ஏந்த வைக்காமல் ஐந்து வருஷத்துக்கு இவ்வளவு என்று சட்டத்திலேயே எழுதிவிடட்டும். சம்பளம் தனி, நிகழ்ச்சி தனி என்று இரண்டு பற்றாகப் பிரித்து, நிகழ்ச்சிப் பற்றிலிருந்து சம்பளத்துக்கு எடுக்கக் கூடாது என்று கோடு போடட்டும். காகிதத்தில் மட்டும் இருக்கும் அந்த நாடாளுமன்றக் குழு, ஒலிபரப்புக் கவுன்சில் இரண்டையும் உட்கார வைக்கட்டும்.

நாம் கணக்குக் கேட்க முடியுமா?

முடியும். கழகத்தின் கணக்கை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்தான் தணிக்கை செய்கிறார், அறிக்கை நாடாளுமன்றத்துக்குப் போகிறது. தகவல் உரிமைச் சட்டமும் அதற்குப் பொருந்தும். கட்டணம் 10 ரூபாய். மத்திய அரசின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். "ஏன் நிகழ்ச்சி மோசமாக இருக்கிறது?" என்று கேட்டால் பதில் வராது, அது கருத்து. "இந்த நிலையத்தில் கடந்த மூன்று நிதியாண்டில் நிகழ்ச்சித் தயாரிப்புக்கு ஒதுக்கிய தொகை, செலவிட்ட தொகை, உள்ளூர் நிகழ்ச்சி ஒலிபரப்பான மணி நேரம், காலிப் பணியிடங்கள்" என்று ஆவணத்தில் இருப்பதைக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும்.

அன்றைக்குக் கேள்வி கேட்ட அண்ணனுக்கு இந்த விண்ணப்பத்தை நானே எழுதிக் கொடுத்தேன். 10 ரூபாயும் என் பற்றில்தான்.